கரிபா: ஆற்றைக் கட்டியவரும் ஆற்றங்கரை இழந்தவரும்

ஆற்றுக்கு ஒரு தெய்வம் உண்டு. தலை மீன், உடல் பாம்பு. நியாமிநியாமி என்பது அதன் பெயர். ஆற்றின் குறுக்கே எவன் நின்றாலும் அவனை அது அழிக்கும். தன் மக்களை அது காக்கும். இது கரையில் வாழ்ந்தோரின் நம்பிக்கை.

கறுப்பனுக்கு ஆளத் தெரியாது. அவனுக்கு எது நன்மை என்பதை வெள்ளையன்தான் அறிவான். ஆகவே அவனைக் கேட்க வேண்டியதில்லை; சொன்னால் போதும். இது அவர்களை ஆண்டோரின் நம்பிக்கை.

முதல் நம்பிக்கையை மூடநம்பிக்கை என்று உலகம் எள்ளி நகைத்தது. இரண்டாவதற்கு அரசாங்கம் என்று பெயர் சூட்டியது, கடன் கொடுத்தது, கொடியேற்றி விழா எடுத்தது. இவ்விரு நம்பிக்கைகளுக்கும் நடுவே, சாம்பெசி ஆற்றங்கரையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த டோங்கா இனத்து மக்கள் ஏறத்தாழ 57,000 பேர், தம் மண்ணையும் மனையையும் மூதாதையர் புதைகுழிகளையும் நீருக்குக் கொடுத்துவிட்டு வெளியேறினர். அந்த வரலாறுதான் கரிபா அணையின் வரலாறு. அணை வேண்டுமா வேண்டாமா என்று வாதிடுவோர் பலர். அந்த வாதத்துக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அணை யாருடைய சொல்லால் எழுந்தது, யாருடைய தோளில் எழுந்தது என்பதே அது.

ஆறும் அதன் உழவரும்

சாம்பெசி சிற்றாறு அன்று. இன்றைய சாம்பியாவின் வடமேற்கு மூலையில் தோன்றி, அங்கோலாவைத் தொட்டு மீண்டு, விக்டோரியா அருவியாய்ப் பாய்ந்து, மொசாம்பிக் வழியே இந்துமாக்கடலில் கலக்கும் பேராறு. அருவிக்குக் கீழே, இருபுறமும் மலைச்சரிவுகள் சூழ, நீண்டு கிடந்தது க்வெம்பே பள்ளத்தாக்கு. அதன் இருகரையிலும் டோங்கா மக்கள் வாழ்ந்தனர். வடகரை வட ரொடீசியா, தென்கரை தென் ரொடீசியா என்று கோடு போட்டவர்கள் வெள்ளையர். டோங்கா மக்களுக்கு ஆறு எல்லைக்கோடாக இருந்ததில்லை. ஊரின் நடுத்தெருவாகவே இருந்தது. அக்கரையில் மகளைக் கொடுத்தனர்; இக்கரையில் மருமகளைக் கொண்டனர். படகு ஏறினால் உறவு.

அவர்கள் வேளாண்மை செய்த முறையும் அறிவார்ந்தது. மழைக்காலத்தில் மேட்டு நிலத்தில் சோளமும் கம்பும் விதைப்பர். ஆற்றில் வெள்ளம் பெருகி, கரையெங்கும் வண்டலைப் பரப்பிவிட்டு வடியும்போது, வடிந்த ஈரத்திலேயே மக்காச்சோளமும் புகையிலையும் பயிரிடுவர். ஆண்டுக்கு இரு விளைச்சல், உரத்துக்குச் செலவில்லை, பாசனத்துக்கு வாய்க்கால் வேண்டியதில்லை. மழை பொய்த்த ஆண்டில் மேட்டு நிலம் கைவிட்டாலும் ஆற்றங்கரைத் தோட்டம் ஓரளவேனும் காக்கும். பஞ்சம் அவர்கள் அறியாததன்று. ஆயினும் பஞ்சத்துக்கு எதிரே ஓர் அரண் இருந்தது. ஆறுதான் அந்த அரண்.

அவர்களுக்கு முடிசூடிய மன்னனில்லை, மாளிகையில்லை, படையில்லை. ஊரும் உறவும் கூடி முடிவெடுத்து வாழ்ந்த மக்கள் அவர்கள். 'தலைவர்' என்று சிலருக்குப் பட்டம் கொடுத்துப் பதிவேட்டில் எழுதிக்கொண்டது ஆங்கில ஆட்சி. பின்னாளில், அந்தத் தலைவர்களை அழைத்துச் சொல்லிவிட்டோம், ஆகவே மக்களிடம் சொல்லிவிட்டோம் என்று கணக்கு முடிப்பதற்கு அந்தப் பதிவேடு பயன்பட்டது!

யாருக்கு வேண்டியிருந்தது மின்சாரம்?

1953ஆம் ஆண்டு, வட ரொடீசியா, தென் ரொடீசியா, நியாசாலாந்து ஆகிய மூன்றையும் பிணைத்து ஒரு கூட்டாட்சி அமைக்கப்பட்டது. மூன்று நாட்டு மக்களில் நூற்றுக்கு ஐந்து பேரினும் குறைந்தவர் வெள்ளையர். ஆனால் ஆட்சி அவர்கள் கையில். சொத்தையும் வருமானத்தையும் அளவுகோலாக வைத்து வாக்குரிமை வழங்கியதால், ஆப்பிரிக்கருக்கு வாக்குச்சாவடி வாசல் ஏறத்தாழ மூடியே இருந்தது. இந்த ஏற்பாட்டுக்கு அவர்கள் இட்ட பெயர் 'கூட்டாளித்தனம்'. அது எத்தகைய கூட்டாளித்தனம் என்பதைக் கூட்டாட்சியின் முதல் பிரதமர் காட்ஃப்ரி ஹக்கின்சே விளக்கியிருக்கிறார்: குதிரைக்கும் அதன்மேல் ஏறியிருப்பவனுக்கும் உள்ள கூட்டாளித்தனம் போன்றதாம்! உவமை பொய்யில்லை. ஏறியவன் வழியைத் தீர்மானிப்பான், குதிரை சுமக்கும்.

வட ரொடீசியாவின் வடக்கே செம்புச் சுரங்கங்கள். உலகப் போருக்குப் பின் செம்பின் விலை ஏறியது. சுரங்கங்களுக்கு மின்சாரப் பசி ஏறியது. தென் ரொடீசியாவில் நகரங்களும் ஆலைகளும் வளர்ந்தன. அங்கும் அதே பசி. நீர்மின்சாரத்துக்கு இரு இடங்கள் போட்டியிட்டன. ஒன்று, முழுக்க வட ரொடீசியாவுக்குள் ஓடும் காஃபுவே ஆறு. மற்றொன்று, இரு நாடுகளுக்கும் எல்லையான சாம்பெசியின் கரிபா இடுக்கு. காஃபுவேயைத் தேர்ந்திருந்தால் இடம்பெயர வேண்டியவர் மிகக் குறைவு. ஆயினும் 1955இல் கூட்டாட்சி அரசு கரிபாவையே தேர்ந்தது. வட ரொடீசிய வெள்ளையர் கொதித்தெழுந்து கண்டித்தனர். திட்டம் தங்கள் பக்கம் வராமல் தெற்கே போய்விட்டதே என்ற கண்டனம் அது. பள்ளத்தாக்கு மக்களின் எதிர்காலம் பற்றி அந்தச் சண்டையில் முழங்கியவர் எத்தனை பேர்?

1956இல் உலக வங்கி 8 கோடி டாலர் கடன் வழங்கியது. ஒரே திட்டத்துக்கு அதுவரை அவ்வங்கி வழங்கிய கடன்களில் பெரியது அதுவே. செம்புக் கம்பெனிகளும் கடன் தந்தன. வடிவமைப்புக்குப் பிரான்சு நாட்டின் ஆந்திரே கொய்ன்; கட்டுமானத்துக்கு இத்தாலியக் கம்பெனிகள்; கல் சுமக்க, காரை குழைக்க, பாறை பிளக்க ஆயிரமாயிரம் ஆப்பிரிக்கத் தோள்கள். கடன் ஒப்பந்தத்தில் வட்டி விகிதம் உண்டு, தவணை உண்டு. நிலம் இழப்போரின் ஒப்புதல் என்று ஒரு வரி அன்றைய உலகில் எந்த வங்கியின் ஒப்பந்தத்திலும் இடம்பெறும் வழக்கமில்லை.

வெள்ளம் வந்தது, தெய்வம் வந்ததா?

வேலை தொடங்கியது. 1957ஆம் ஆண்டு ஆறு பெருவெள்ளமாய்ப் பொங்கியது. 1958ஆம் ஆண்டு அதனினும் பெரிதாய்ப் பொங்கியது. நொடிக்குச் சுமார் 16,000 கன மீட்டர் நீர் இடுக்கில் பாய்ந்தது. ஆற்றைத் திருப்பக் கட்டிய தற்காலிக அணை மூழ்கியது. கரையிலிருந்து கரைக்குத் தொங்கிய பாலம் அடித்துச் செல்லப்பட்டது. அத்தகைய வெள்ளம் ஆயிரம் ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும் என்று கணக்கர் சொன்னார்கள். "நியாமிநியாமி வந்துவிட்டது, பார்த்தீர்களா?" என்று பள்ளத்தாக்கு மகிழ்ந்தது. அணை நிற்காது, நாம் போக வேண்டியதில்லை என்று பலர் நம்பினர்.

பகுத்தறிவாளன் இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டும். சிரித்துவிட்டுப் போவது எளிது.

வெள்ளத்துக்குக் காரணம் தெய்வமன்று. மேல்வடிநிலத்தில் அந்த ஆண்டுகளில் கொட்டிய மழை. அத்தகைய மழை முன்பும் பெய்திருக்கும். ஆனால் ஆற்றின் நீரளவைக் குறித்து வைத்த ஏடுகள் சில பத்தாண்டுகளுக்கே இருந்தன. சிறிய ஏட்டைக் கொண்டு பெரிய ஆற்றை அளந்தார்கள். ஆறு திருத்திக் காட்டியது. திருத்தத்தைப் பொறியாளர்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்பதுதான் கவனிக்கத்தக்கது. அவர்கள் ஆட்டை வெட்டவில்லை, ஆரத்தி எடுக்கவில்லை. முதலில் நான்காகத் திட்டமிட்ட வெள்ள மதகுகளை ஆறாக உயர்த்தினார்கள். கணக்குத் தவறினால் கணக்கைத் திருத்து. அதுதான் அறிவியல் நெறி. அந்த ஆறு மதகுகளோடு கரிபா இன்றும் நிற்கிறது. நியாமிநியாமியால் அதை அசைக்க முடியவில்லை. இல்லாத ஒன்று எதை அசைக்கும்?

ஆனால் அந்த நம்பிக்கை ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லிவிட முடியாது. கேடு செய்தது. தெய்வம் பார்த்துக்கொள்ளும் என்ற ஆறுதல், இறுதி நாள் வரை பலரைக் கரையிலேயே கட்டிப்போட்டது. மதகுக்கு மதகு கணக்குப் போட்டுக்கொண்டிருந்த பகைவனுக்கு எதிரே, தெய்வத்தின் சீற்றத்தை எதிர்பார்த்துக் காத்திருந்த மக்கள்! கணக்கோடு கதை போரிட்டால் வெற்றி யாருக்கு என்பது சொல்லாமலே விளங்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த நதித் தெய்வத்தின் புகழை உலகெங்கும் பரப்பியவர் டோங்கா உழவரினும் மிகுதியாக வெள்ளையரின் நூல்களும் செய்தித்தாள்களும் பயண விடுதிகளுமே. இன்றும் விக்டோரியா அருவிக்கு வரும் பயணியின் கையில், பாம்புடல் செதுக்கிய நியாமிநியாமி கைத்தடி விற்பனையாகிறது. நிலம் பறிபோனவனின் தெய்வம் கடைச்சரக்காயிற்று. 'பாவம், பாம்பைக் கும்பிடுபவன்' என்ற படம் எவ்வளவு அழகாய்ப் பரவியதோ, அவ்வளவு எளிதாய் மறைந்தது 'நிலத்தை இழந்தவன்' என்ற உண்மை.

சிசோமோவில் ஒலித்த துப்பாக்கி

தெய்வத்தை நம்பி மட்டும் டோங்கா மக்கள் இருந்துவிடவில்லை. எதிர்த்தும் நின்றார்கள். வட ரொடீசியாவின் ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரசு வெளியேற்றத்தை எதிர்த்துக் குரல் எழுப்பியது. சிப்பேப்போ வட்டாரத்து மக்கள், அணைக்கும் கீழே 160 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள லுசிட்டு என்னும் அறியாத இடத்துக்குப் போக மறுத்தனர். ஈட்டிகளை ஏந்தி அணிவகுத்தனர். ஆளுநர் ஆர்தர் பென்சன் நேரில் வந்து பேசினார். போக மாட்டோம் என்றனர் மக்கள். 1958ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள், சிசோமோ என்னும் ஊரில் காவற்படை துப்பாக்கி தூக்கியது. எட்டுப் பேர் மாண்டனர். முப்பதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். ஈட்டிக்கும் துப்பாக்கிக்கும் நடந்த வழக்கில் தீர்ப்பு வேறு எப்படி வரும்? எஞ்சியோர் லாரிகளில் ஏற்றப்பட்டனர்.

லுசிட்டுவில் என்ன கண்டனர்? பழக்கமில்லாத மண், பழக்கமில்லாத நீர், பழக்கமில்லாத செடிகொடிகள். ஆறாயிரம் பேர் ஒரே இடத்தில் கொண்டுவந்து கொட்டப்பட்டனர். 1959இல் திடீரென ஒரு கொடும் நோய் பரவி, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் சில வாரங்களில் மாண்டனர். பெண்களும் குழந்தைகளுமே அதில் பலியானோர். உண்ணத்தக்கது எது, நஞ்சு எது என்று தெரியாத காட்டில் பசிக்குப் பறித்துத் தின்ற ஏதோ ஒன்றே காரணமாயிருக்கலாம் என்று கருதப்பட்டது. பிறந்த மண்ணில் ஒவ்வொரு கிழங்கின் குணத்தையும் அறிந்திருந்தவள் தாய். புதிய மண்ணில் அவளும் குழந்தையும் ஒரே வகுப்பு மாணவர். பாட்டன் பாட்டி வழியாய்ச் சேர்ந்த அறிவுச் செல்வம் முழுவதும் ஒரே நாளில் செல்லாக்காசாகிவிட்டது. அந்த இழப்புக்கு எந்த இழப்பீட்டுப் பட்டியலிலும் விலை குறிக்கப்படவில்லை.

தென்கரையில் 23,000 பேர். வடகரையில் 34,000 பேர். தென்கரையோரை வறண்ட உட்பகுதிகளுக்குத் துரத்தினார்கள். "நீர் உங்கள் பின்னாலேயே வரும்" என்று அதிகாரிகள் வாக்களித்ததாக டோங்கா முதியவர்கள் பல்லாண்டுகள் சொல்லிவந்தனர். நீர் வந்தது உண்மைதான். அவர்கள் விட்டுவந்த வீடுகளுக்கு வந்தது.

நோவாவின் படகில் இடம் யாருக்கு?

1958 டிசம்பர் 2ஆம் நாள் ஆறு அடைக்கப்பட்டது. நீர் ஏறத் தொடங்கியது. மேடுகள் தீவுகளாயின, தீவுகளில் மான்களும் குரங்குகளும் காண்டாமிருகங்களும் சிக்கின. ரூபர்ட் ஃபாதர்கில் என்ற வனவிலங்கு அதிகாரியும் அவர்தம் தோழர்களும் படகேறிப் போய் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விலங்குகளைக் காத்தனர். 'நோவா நடவடிக்கை' என்று அதற்குப் பெயர். உலகப் பத்திரிகைகள் படம் படமாய் வெளியிட்டன. நல்லோர் பலர் பணம் அனுப்பினர்.

விலங்கைக் காத்தது பிழையா? இல்லை, அது அன்பின் செயல், துணிவின் செயல். உயிருக்கு அஞ்சாமல் அவர்கள் செய்த பணியை எவரும் பழிக்க வேண்டியதில்லை. நாம் பழிப்பது, மான்குட்டியின் ஈரக்கண்களைக் கண்டு உருகிய உலகம், அதே நீரில் வீடிழந்த மனிதக்குழந்தையைக் காணாமல் கண்மூடிக்கொண்டதை. நோவாவின் கதையிலேனும் படகில் முதலில் ஏறியது மனிதக் குடும்பம். கரிபாவின் படகில் விலங்குக்கு இடமிருந்தது. மனிதனுக்கு லாரி வந்தது, துப்பாக்கியோடு.

அணைக்கு உயிர் கொடுத்த தொழிலாளரையும் மறக்கலாகாது. 40 பாகைக்கும் மேற்பட்ட வெயிலில் வேலை. 1959 பிப்ரவரியில் சாரம் சரிந்து, 17 தொழிலாளர் ஈரக் காரையோடு ஆழத்தில் வீழ்ந்து மடிந்தனர். கட்டுமானம் முடிவதற்குள் இறந்தோர் 86 பேர். கரிபா நகரின் சாந்தா பார்பரா தேவாலயத்தில் அவர்களுடைய பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன.

1960 மே 17ஆம் நாள், இங்கிலாந்து அரசியின் தாயார் வந்து மின்நிலையத்தைத் திறந்துவைத்தார். 128 மீட்டர் உயரம், சுமார் 600 மீட்டர் நீளம்; பின்னால் 280 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் ஏரி. நிரம்பினால் ஏறத்தாழ 18,000 கோடி கன மீட்டர் நீர். நம் கணக்கில் 6,300 டி.எம்.சி.க்கும் மேல். மனிதன் கட்டிய நீர்த்தேக்கங்களில், கொள்ளளவில் இன்றும் கரிபாவே முதன்மை. அந்த நீரின் பாரம் தாங்காமல் அடிப்பாறைகள் நெகிழ்ந்து, 1963இல் ரிக்டர் அளவில் 6ஐ ஒட்டிய நிலநடுக்கம்கூட ஏற்பட்டது. அதையும் பாம்பின் கணக்கில் எழுதியோர் இருந்தனர். பாறையின் கணக்கில் எழுதியது நிலவியல்.

பெண் இழந்த நிலம்

1956இலேயே இரு அறிஞர்கள் பள்ளத்தாக்குக்கு வந்தனர்: எலிசபெத் கோல்சன், தாயர் ஸ்கடர். வெளியேற்றத்துக்கு முன்னும் பின்னும் அந்த மக்களோடு பழகி, அரை நூற்றாண்டுக்கு மேல் தொடர்ந்து எழுதினார்கள். ஒரு பேரணையால் பெயர்க்கப்பட்ட மக்களின் வாழ்வு இத்தனை காலம், இத்தனை நுணுக்கமாய் ஆராயப்பட்டது வேறெங்கும் அரிது.

அவர்கள் கண்டவற்றுள் ஒன்று நம் சீர்திருத்த இளைஞர் கருத்தில் கொள்ளத்தக்கது. டோங்கா சமுதாயம் தாய்வழி உறவுமுறை கொண்டது. ஆற்றங்கரைத் தோட்டங்களில் பெண்களுக்குத் தனியுரிமை இருந்தது; விளைச்சல் அவள் களஞ்சியத்துக்குப் போகும்; கணவன் கை வைக்க முடியாது. ஏரி அந்தத் தோட்டங்களை விழுங்கியது. புதிய இடத்தில் காடு வெட்டித் திருத்தியவன் ஆண். ஆகவே நிலம் ஆணுக்கு என்றாயிற்று. எந்தச் சட்டமன்றத்திலும் தீர்மானம் இல்லை. எந்த மதகுருவின் கட்டளையும் இல்லை. நீர்மட்டம் ஏறிற்று; பெண்ணின் உரிமை இறங்கிற்று. சொத்துரிமை என்பது ஏட்டில் எழுதாமல் வழக்கத்தில் மட்டும் வாழ்ந்தால், ஓர் இடப்பெயர்ச்சியில் அது எப்படிக் கரைந்துபோகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சாவி ஒரு கரையில்

அணை இரு நாடுகளுக்கும் பொது. ஆனால் முதல் மின்நிலையத்தைப் பாறையைக் குடைந்து தென்கரையில் அமைத்தார்கள். கூட்டாட்சி 1963இன் இறுதியில் கலைந்தது. 1964 அக்டோபர் 24இல் வட ரொடீசியா, சாம்பியா என்ற பெயரில் விடுதலை பெற்றது. ஓராண்டு கழிந்து, 1965 நவம்பர் 11இல், தென் ரொடீசியாவின் இயன் சுமித், பெரும்பான்மை மக்களுக்கு ஆட்சியுரிமை தர மறுத்து, பிரிட்டனையும் மீறித் தன்னிச்சையாக விடுதலைப் பிரகடனம் செய்தார். அன்று விளங்கியது மின்நிலையம் எந்தக் கரையில் இருக்கிறது என்பதன் பொருள்! சாம்பியாவின் கொடி லுசாக்காவில் பறந்தது. சாம்பியாவின் செம்புச் சுரங்கத்தை இயக்கும் மின்விசை சுமித்தின் ஆட்சிக்குட்பட்ட கரையில் இருந்தது.

விடுதலை என்பது கொடியில் தொடங்கலாம், கொடியோடு முடிவதில்லை. இதைச் சாம்பியா உணர்ந்தது. காஃபுவே இடுக்கில் தன் சொந்த மின்நிலையத்தைக் கட்டியது. எந்தக் காஃபுவேயை 1955இல் ஒதுக்கினார்களோ அதே காஃபுவே! கரிபாவின் வடகரையிலும் 1976இல் 600 மெகாவாட் நிலையம் இயங்கத் தொடங்கியது. 1980இல் சிம்பாப்வே விடுதலை பெற்றது. 1987இல் இரு நாடுகளும் கூடிச் சாம்பெசி ஆற்று ஆணையத்தை அமைத்து, நீரைப் பகிர்ந்துகொள்ள முறை வகுத்தன. பின்னர் விரிவாக்கம் பெற்று, இன்று இரு கரைகளும் தலைக்கு ஆயிரம் மெகாவாட்டுக்கு மேல் ஆற்றல் கொண்டு நிற்கின்றன. ஆண்டவரும் ஆளப்பட்டவரும் பகிர்ந்துகொள்ளாத ஆற்றை, விடுதலை பெற்ற இருவர் பகிர்ந்துகொள்கிறார்கள். இது பெருமைக்குரியது.

அணையால் நன்மையே இல்லை என்று எவரும் சொல்லார். செம்பு உருகியது இந்த மின்சாரத்தால். அந்த வருவாயில் விடுதலை பெற்ற சாம்பியா பள்ளிகளையும் பல்கலைக்கழகத்தையும் எழுப்பியது. ஹராரேயின் ஆலைகள் ஓடின. தாங்கனிக்கா ஏரியிலிருந்து 1967, 68இல் கொண்டுவந்து விடப்பட்ட கப்பெண்டா என்னும் சிறுமீன் பெருகி, ஏரி மீன்பிடித் தொழிலுக்கு வாழ்வளித்தது. ஆனால் அந்த மீனைப் பிடிக்க எந்திரப் படகும் உரிமமும் வேண்டும். முதல் போடுபவன் வேண்டும். ஆற்றைப் பறிகொடுத்தவன் கரையில் நின்று பார்த்தான்.

மின்சாரமோ? தலைக்கு மேல் உயர்ந்த கோபுரங்களில் கம்பிகள் அவன் ஊரைத் தாண்டிச் சென்றன. நூற்றுக்கணக்கான கல் தொலைவில் நகரம் ஒளிர்ந்தது. அணைக்கு நிலம் கொடுத்தவன் குடிசையில் பல பத்தாண்டுகள் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. இன்றும் விளக்கு வராத டோங்கா ஊர்கள் உண்டு.

வற்றிய ஏரி சொல்வது

மனிதன் ஆற்றை முழுக்க வென்றுவிட்டானா? மதகு வழியே பாய்ந்த நீர், அணையின் அடியில் பாறையைக் குடைந்து சுமார் 80 மீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் பறித்தது. அதைச் செப்பனிட்டு மதகுகளைப் புதுப்பிக்க, 2015இல் பல நாடுகளின் உதவியோடு 29 கோடி டாலர் அளவில் திட்டம் வகுக்க நேர்ந்தது. மறுபுறம் வறட்சி. 2022 நவம்பர் இறுதியில், பயன்படுத்தத்தக்க நீர் இருப்பு நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே போயிற்று. தன் பங்கு நீரைத் தீர்த்துவிட்ட சிம்பாப்வேயின் தென்கரை நிலையத்தை நிறுத்துமாறு ஆற்று ஆணையம் ஆணையிட்டது. 2024இல் கொடும் வறட்சியைத் தேசியப் பேரிடர் என்று சாம்பியா அறிவித்தது. நாளின் பெரும்பகுதி நகரங்களும் இருளில் கிடந்தன. ஒரே ஆற்றையும் ஒரே அணையையும் நம்பி நாட்டின் விளக்கையெல்லாம் தொங்கவிட்டால், மழை பொய்க்கும் ஆண்டில் நேர்வது இதுதான்.

இதைக் கண்டு 'பாம்பு பழிவாங்குகிறது' என்று மீண்டும் சிலர் சொல்லக்கூடும். பாம்பில்லை. 1957இல் மழையின் மிகுதி. 2024இல் மழையின் குறைவு. இரண்டுக்கும் விடை அளவீட்டில், முன்னறிவில், மாற்று ஏற்பாட்டில் இருக்கிறது. நான்கு மதகை ஆறாக்கிய அதே நேர்மையோடு, ஆற்றை மட்டும் நம்பும் கொள்கையையும் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தோழர்களே! கரிபா நமக்குச் சொல்வது என்ன?

அறிவு பாதியில் நின்றால் அதற்குப் பெயர் பகுத்தறிவன்று. ஆற்றின் நீரைக் கன மீட்டரில் அளந்தார்கள், பாறையின் வலிமையை அளந்தார்கள், வட்டியை அளந்தார்கள். மனிதனின் இழப்பை மட்டும் அளக்கவில்லை. அளந்து சொல்லும் வாயையும் அவனுக்கு வைக்கவில்லை. டோங்கா உழவன் தோற்றதற்கு அவன் பாம்பை நம்பியது மட்டும் காரணமன்று. அவனுக்கு வாக்கில்லை; அவனுக்காகப் பேசும் உறுப்பினனில்லை; வழக்காட வழியில்லை. மனிதனின் ஓலையை வாங்கிக்கொள்ள ஆளில்லாத இடத்தில்தான் அவன் தெய்வத்துக்கு ஓலை அனுப்புகிறான். தெய்வத்தை அவன் நெஞ்சிலிருந்து பெயர்க்க விரும்புவோர், முதலில் அவன் ஓலையை வாங்கிப் படிக்கும் ஆட்சியை அமைக்க வேண்டும்.

அந்த ஓலை காலந்தாழ்ந்தேனும் உலகின் மேசைக்கு வந்தது. கட்டாய இடப்பெயர்ச்சிக்கென்று உலக வங்கி 1980இல் தனிக் கொள்கை வகுத்தது. தென்னாப்பிரிக்காவின் காதர் ஆசுமல் தலைமையில் அமைந்த உலக அணைகள் ஆணையத்தில் ஸ்கடரும் உறுப்பினர். கரிபாவும் அது ஆராய்ந்த அணைகளுள் ஒன்று. உலகெங்கும் அணைகளால் இடம்பெயர்ந்தோர் 4 கோடி முதல் 8 கோடிப் பேர் என்று 2000ஆம் ஆண்டில் அது அறிவித்தது. நிலமிழப்போரின் உரிமையை ஏற்று, அவர்களோடு பேசி உடன்பாடு கண்ட பின்னரே அணை என்று பரிந்துரைத்தது. க்வெம்பேயில் கேட்கத் தவறிய கேள்வியைக் கேட்க உலகத்துக்கு நாற்பதாண்டுகள் ஆயின.

அணைகள் இனியும் எழும்; மின்சாரமும் வேண்டும். எழுப்புமுன், அளவுகோலோடு ஆற்றங்கரைக்குச் செல்பவன் கையில் ஒரு கேள்வித்தாளும் இருக்கட்டும். நீரை அளந்த பின், மனிதனைக் கேட்கட்டும். அவன் 'மாட்டேன்' என்று சொல்லும் உரிமையோடு விடை சொல்லட்டும். அதன்பின் ஏற்றும் விளக்கு, முதலில் அவன் வீட்டில் எரியட்டும்.